வேலியோரம் தெளிவாக ஒருவன்

மற்றதெல்லாம் இழுபட்டுப் போயிருந்த படத்தில் அந்த ஓர் ஆள் மட்டும் இழுபடாமல் நின்றான்.

முதலில் அவள் அதைக் கவனிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்து, அன்றைய ரேஸில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். குளியலறையில் தம்பி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு சுருதி சேராமல் எதையோ பாடிக்கொண்டிருந்தான். அவன் கழற்றிப் போட்ட ரேஸ் உடையிலிருந்து பெட்ரோலும் வியர்வையும் கருகிய ரப்பரும் கலந்த வாடை எழுந்து, ஜன்னல் வழியே சாய்ந்து வந்த வெயிலோடு சேர்ந்து, ஒரு வருஷத்துக்கு முந்தைய வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து வைத்த மாதிரி கூடத்தை நிறைத்தது. அந்த வாடை முன்பு இரண்டு உடைகளிலிருந்து வரும். இப்போது ஒன்றிலிருந்து மட்டும்தான்.

படத்தில் தம்பியின் சிவப்புக் கார் வளைவை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. கதவில் எழுதிய எண், கண்ணாடியின் விளிம்பு, சக்கரத்தின் திருகாணி வரைக்கும் தெளிவு. அதற்குப் பின்னால் வேலி இருந்த இடத்தில் சாம்பல் கோடுகள், மரங்கள் இருந்த இடத்தில் பச்சைக் கோடுகள், கூட்டம் இருந்த இடத்தில் பல நிறங்கள் குழம்பிய ஒரு பட்டை. அந்தப் பட்டைக்கு நடுவில் அவன். ஹெல்மெட் போட்டிருந்தான். கைகளைத் தொங்கவிட்டிருந்தான். ஸ்டூடியோவில் நிறுத்தி எடுத்த மாதிரி, சட்டையின் மடிப்புகூடத் தெரிந்தது.

அப்படி விழ வழியே இல்லை.

ஓடுகிற காரை வெடுக்கென்று எடுத்தால் அது நிறுத்தி வைத்த கார் மாதிரிதான் விழும். வேகம் தெரிய வேண்டுமானால் ஷட்டரை மெதுவாக்கி, கார் வருகிற பக்கத்திலிருந்து போகிற பக்கம்வரை கேமராவை அதோடு சேர்த்துத் திருப்ப வேண்டும். கையும் காரும் ஒரே வேகத்தில் போனால் கார் தெளிவாக விழும். அசையாமல் நிற்கிறதெல்லாம் ஈரத் துணியால் துடைத்த மாதிரி கோடாகிப் போகும். எடுத்து முடிந்ததும் கையை நிறுத்திவிடவும் கூடாது. நிறுத்தினால் கடைசிப் படம் உதறிவிடும். கார் கண்ணைவிட்டுப் போன பிறகும் அது போன வழியிலேயே கொஞ்ச தூரம் வெறுமையைத் துரத்திக்கொண்டு போக வேண்டும். இதைப் பழகுவதற்குள் பலர் வெறுத்துப்போய்க் கேமராவை விற்றிருக்கிறார்கள். அவளுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி வந்தது.

வாரம் முழுக்க மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள். படுத்தவர்களை அசையாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்த வாய்க்கு, ஞாயிற்றுக்கிழமையில் ஓடுகிறதைத் துரத்துவது ஒரு விடுதலை. அதனால் அவளுக்கு இது நன்றாகத் தெரியும்: நின்றுகொண்டிருந்த ஆள் தெளிவாக விழ முடியாது. தெளிவாக விழுந்தவன் காரோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும்.

“அக்கா, படம் எப்படி? நான் வளைவுல ஆக்சிலேட்டர்லேர்ந்து காலைத் தூக்கவே இல்ல, தெரியுமா?” தம்பி தலையைத் துவட்டாமல் வந்து அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். கழுத்தில் தண்ணீர் சொட்டியது.

“முதல்ல தலையைத் துவட்டு. கம்ப்யூட்டர்ல கொட்டாதே.”

“இவன் யாரு? வேடிக்கை பாக்க வந்தவன் ஹெல்மெட் மாட்டிட்டு நிக்கிறான் பாரேன். பயந்தாங்கொள்ளி!” சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனான். பாத்திரத்தைத் திறக்கிற சத்தம் கேட்டது. “அக்கா, நீ சாப்பிட்டியா, இல்ல எனக்கு மிச்சம் வச்சுட்டுப் பட்டினியா?”

அவள் அடுத்த படத்தைத் தள்ளினாள். அதற்கடுத்ததை. வேலி முடிந்து டயர் அடுக்கு வந்தது, டயர் அடுக்கு முடிந்து விளம்பரப் பலகை வந்தது, எல்லாம் கோடுகளாக ஓடின. அந்த ஆள் மட்டும் காருக்குப் பின்னால், அதே தூரத்தில், கைகளைத் தொங்கவிட்டபடி இருந்தான். ஓடவில்லை. கால்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன.

மஞ்சள் ஹெல்மெட். நெற்றியில் ஒரு கறுப்புப் பட்டை. அது கொஞ்சம் கோணலாக இருந்தது. ஒட்டியவள் அவள்தான். அவசரத்தில் ஒட்டினாள், கோணலைப் பார்த்துச் சிரித்தாள், அவரும் சிரித்தார்.

அப்புறம் அவளால் அந்த ஆளை அவன் என்று நினைக்க முடியவில்லை.

அவர் போன வருஷம் அதே வளைவில் உயிரை விட்டார். ரேஸ் பைத்தியத்தில் கல்யாணம் செய்துகொண்ட ஜோடி என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவர் ஓட்டுவார், அவள் எடுப்பாள், வீட்டில் வளர்ந்த அவள் தம்பியும் அத்தானைப் பார்த்துப் பார்த்தே ஸ்டியரிங்கைப் பிடித்தான். அன்றைக்கும் அவள் வேலியோரம் நின்று அவர் காரைக் கேமராவில் துரத்திக்கொண்டிருந்தாள். கார் நேராகச் சுவருக்குப் போயிற்று. அந்தச் சத்தம் இன்றுவரை அவளுக்கு முழுதாக நினைவில் இல்லை; அதற்குப் பின் வந்த மௌனம்தான் நினைவிருக்கிறது. இன்னொன்றும். கார் நின்றுவிட்டது, கை நிற்கவில்லை. ஷட்டரை அழுத்திய விரலோடு, அவர் போயிருக்க வேண்டிய வழியிலேயே, அவர் போயிருக்க வேண்டிய வேகத்திலேயே, கேமரா திரும்பிக்கொண்டே போனது.

அந்த மெமரி கார்டை விசாரணைக்காரர்கள் வாங்கி, மோதிய கணம்வரையுள்ள படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். அவள் அதைத் திறக்கவே இல்லை. ஒரு வருஷம் கேமராவைத் தொடவும் இல்லை. இந்த ஞாயிறு தம்பி, “நீ வராம நான் ஓட்டினா அது ரேஸே இல்லக்கா” என்று கையைப் பிடித்து இழுத்ததால்தான் போனாள்.

தம்பி சாப்பிட்டுவிட்டுப் படுத்த பிறகு, துணிகளுக்கு அடியிலிருந்து அந்தக் கார்டை எடுத்துச் செருகினாள். மோதல்வரை உள்ளதைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினாள்.

அதற்குப் பின் வெறும் பாதை. தார் ஒரு கறுப்பு ஆறாக இழுபட்டிருந்தது. படத்தின் நடுவில், கார் இருந்திருக்க வேண்டிய இடத்தில், அவர் உட்கார்ந்திருந்தார். கீழே இருக்கை இல்லை. சுற்றிலும் கார் இல்லை. தரைக்கு மேலே, காற்றில், முழங்கால்களை மடக்கி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவ்வளவு தெளிவாக.

சுவரில் மோதி நின்றது கார் மட்டும்தான்.

அடுத்த படத்தில் அவர் தன் கைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்ததில் கால்களை நீட்டி எழுந்துகொண்டிருந்தார். கடைசிப் படத்தில் எழுந்து நின்று, ஹெல்மெட்டை மெல்லத் திருப்பி, தன்னை இழுத்துக்கொண்டு போகிறது யார் என்று பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தார்.

அவள் அழுதாள். பயத்தில் இல்லை, இதைச் சொல்லியாக வேண்டும். ஒரு வருஷமாக அந்த மனிதரின் மூச்சுகூட இல்லாத வீட்டில் தூங்கி எழுந்தவளுக்கு, அவர் எங்கோ ஓரிடத்தில், தன் கை போகிற வழியில் இருக்கிறார் என்பது அந்த ஒரு நாள் மட்டும் ஆறுதலாக இருந்தது. திரையில் விரலை வைத்துத் தடவினாள். “என்கூடவேவா இருந்தீங்க?” என்று கேட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. பால்கனியில் நின்று தெருவில் போன பஸ்ஸைக் கேமராவில் துரத்தினாள். அவர் இருந்தார். சைக்கிளில் போனவரைத் துரத்தினாள். இருந்தார். நாய்க்குப் பின்னாலும் இருந்தார். ஆனால் எல்லாவற்றிலும் தள்ளியே நின்றார், ஒட்டாமல், பஸ் நிறுத்தத்தில் வேறு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. ஹெல்மெட்டின் கண்ணாடி கீழே இறங்கியிருந்தது. அவள் பக்கம் ஒரு படத்தில்கூடத் திரும்பவில்லை. ஏதோ ஒன்று வருகிறதா என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது தம்பி பைக்கைக் கிளப்பிக்கொண்டு கீழே வெளியே வந்தான். கை தானாகவே திரும்பிற்று. ஒரே ஒரு படம்.

அந்தப் படத்தில் அவர் பைக்கின் பின்னிருக்கையில் இருந்தார். தம்பியின் முதுகோடு நெஞ்சை ஒட்டி, அவன் தோள்களுக்கு மேலாகக் கைகளை நீட்டியிருந்தார். இடுப்பைப் பிடிக்கவில்லை, தோளைப் பிடிக்கவில்லை. அவன் கைகளுக்கு மேல் தன் கைகளை வைத்து ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தார். தெருமுனையில் திரும்புவதற்காக அவர் தலை அவனுக்கு முன்பே சாய்ந்திருந்தது.

ஆறுதல் அதோடு போயிற்று.

அன்று சாயங்காலம் தம்பி பைக் சாவியை மேஜையில் எறிந்துவிட்டுச் சொன்னான்: “வண்டி என்னமோ பண்ணுதுக்கா. யாரையோ ஏத்திட்டுப் போற மாதிரி பின்னாடி கனமா இருக்கு. மெக்கானிக்கிட்ட காட்டினா, வண்டி நல்லாத்தான் இருக்கு, நீதான் உடம்பைக் குறைக்கணும்ங்கிறான்.”

“அடுத்த ரேஸ் வேண்டாம்டா.”

“என்னது?”

“வேண்டாம். எனக்காக.”

அவன் எதிரில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தான். சின்னப் பையனாக இருந்தபோது வால் என்று கூப்பிடுவார்கள். அவள் சேலைத் தலைப்பை விடாமல் பின்னாலேயே வருவான். “அக்கா, எனக்குப் புரியுது. அத்தான் நினைப்பு. ஆனா அத்தான் இருந்தா இப்படிச் சொல்லுவாரா? கார்ல உக்காரும்போதெல்லாம் அவர் பக்கத்துல இருக்கிற மாதிரியே இருக்கு எனக்கு. சத்தியமா. அதை என்கிட்டேயிருந்து பிடுங்காதே.”

படங்களைக் காட்டலாம் என்று வாயெடுத்தாள். காட்டினால் அவன் பயப்பட மாட்டான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சந்தோஷப்படுவான். ஓடிப்போய்க் காரில் உட்காருவான்.

கார்டை உடைத்தாள். கேமராவைப் பெட்டியில் பூட்டினாள். இனிப் படம் எடுப்பதில்லை, கை துரத்தினால்தானே கூட வருவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கேமராவைப் பூட்டலாம், கண்ணை எங்கே பூட்டுவது? தம்பி கூடத்தைத் தாண்டி நடக்கும்போது கண் அவனோடு போகும். சுவரும் அலமாரியும் கதவும் பின்னால் நழுவும். அப்படி நழுவாத ஒன்று, அவனுக்குச் சற்றுப் பின்னால், மஞ்சளாக, கண்ணின் ஓரத்தில் நிற்கும். அதன்பின் அவன் நடக்கும்போது அவள் தரையைப் பார்த்தாள். அவன் உட்கார்ந்த பிறகுதான் தலையை நிமிர்த்தினாள். வாசலில் நின்று வழியனுப்புவதை விட்டாள். “என் மேல கோவமாக்கா?” என்று அவன் இரண்டு முறை கேட்டான். இல்லை என்று தரையிடம் சொன்னாள்.

அந்த நாட்களில்தான் பல் டாக்டர் போன் செய்தார். ரேஸ் மைதானத்தில் அவளோடு வேலியோரம் நின்று வெயில் காய்கிற பழைய கூட்டாளி. நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துக் கண் கெட்டுப்போனதால் ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்க வருவதாகச் சொல்வார்.

“என்ன எலும்பு மேடம், சௌக்கியமா? இந்தத் தடவை நீங்க எடுக்கலையாமே?”

“இல்ல டாக்டர். போதும்னு ஆயிடுச்சு.”

“அப்போ ஒரு உபகாரம். என் பெரிய லென்ஸ் கீழ விழுந்து உள்ள கலகலங்குது, பல்லு ஆடுற மாதிரி. உங்களோடது சும்மாதானே தூங்குது? தருவீங்களா?”

அந்த லென்ஸ் வீட்டைவிட்டுப் போவது அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்றால், பெட்டியோடு கேமராவையும் சேர்த்து, அவர் வருவதற்கு முன்பே வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். துரத்துகிறது தன் கை என்று மட்டும் நினைத்தாள். டாக்டரின் கை எதைத் துரத்தும் என்று நினைக்கவில்லை.

ரேஸ் அன்று அவள் வெறுங்கையோடு போனாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். மைதானத்தில் எல்லாம் வழக்கம்போல் இருந்தது: தார் உருகுகிற வாடை, ஒலிபெருக்கியின் கரகரப்பு, வயிற்றுக்குள் புகுந்து அதிர்கிற எஞ்சின்கள். தம்பி காரில் உட்கார்ந்து பட்டைகளை இறுக்கிக்கொண்டிருந்தான்.

“அக்கா, ஒரு தடவை என்னைப் பாரேன்.”

கார் நின்றுகொண்டிருந்தது. பார்த்தாள். ஹெல்மெட்டுக்குள் அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. சிரித்தன.

“உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் சொல்லல. பல் டாக்டரை வளைவுல நின்னு எடுக்கச் சொல்லியிருக்கேன். ஒவ்வொரு சுத்தும் விடாம. அத்தான் போட்டோவுக்குப் பக்கத்துல மாட்டணும்.”

அவள் வாயைத் திறந்தாள். அவன் கார்க் கதவைச் சாத்திவிட்டான். எஞ்சின் உறுமியது. அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. கண்ணாடியைத் தட்டினாள். மார்ஷல் ஒருவர் வந்து தோளைப் பிடித்து அவளை வேலிக்கு இப்பால் கொண்டுவந்து விட்டார். “நகருங்கம்மா, நகருங்க, கொடி காட்டப் போறாங்க.”

வளைவு மைதானத்தின் மறுகோடியில்.

அவள் ஓடினாள். வேலியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு, யாருடைய நாற்காலியையோ கவிழ்த்துக்கொண்டு ஓடினாள். முதல் சுற்றில் கார்கள் அவளைத் தாண்டின. தரையைப் பார்த்தாள். சத்தம் கடந்தது. ரப்பர் வாடை முகத்தில் அடித்தது. இரண்டாம் சுற்று. செருப்பு அறுந்தது. வளைவு தெரிந்தது. படம் எடுக்கிறவர்கள் நிற்கிற மேடை தெரிந்தது. மேடைமேல் டாக்டர். அவர் கையில் அவளுடைய நீள லென்ஸ், ஒற்றைக்கால் ஸ்டாண்டில்.

“டாக்டர்! எடுக்காதீங்க! அதை இறக்குங்க!”

லென்ஸ் இடப்பக்கம் திரும்பிக் காத்திருந்தது. கார்கள் வந்தன. சிவப்புக் கார் வந்தது. லென்ஸ் அதைப் பிடித்துக்கொண்டது. அதோடு சேர்ந்து திரும்பியது. அழகாக. ஒரு உதறல் இல்லாமல்.

அவளும் பார்த்துவிட்டாள். கண் போய்விட்டது. வேலி நழுவியது, மரம் நழுவியது. காருக்குள் இரண்டு ஹெல்மெட்டுகள். ஓட்டுகிற இடத்தில் மஞ்சள்.

கார் வளையவில்லை.

சத்தம்.

மௌனம்.

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். கொடிகள் அசைந்தன. யாரோ ஓடினார்கள். அவள் சுவரைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்தாள்.

லென்ஸ் நிற்கவில்லை.

புகையைத் தாண்டித் திரும்பியது. வெறும் பாதையைத் தாண்டித் திரும்பியது. டாக்டர் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். வாய் கோணி அழுதுகொண்டிருந்தார். “நிக்க மாட்டேங்குது. ஐயோ. நிக்க மாட்டேங்குது.” அவர் விரல் ஷட்டரில் இருந்தது. டக் டக் டக். மெதுவாகத் திரும்பிற்று. மனிதர் நடக்கிற வேகத்துக்கு. வேலியோரமாக. அவள் பக்கமாக.

அவள் மேல் வந்து நின்றது.

அந்தப் பெரிய கண்ணாடி அவளுக்கு நேராக, அசையாமல், கறுப்பாக. சத்தம் ஓய்ந்தது. டாக்டர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு இடப்பக்கம் பார்த்தார். பிறகு, மெதுவாக, வலப்பக்கம் பார்த்தார்.

அவள் திரும்பவில்லை. இரண்டு தோள்களிலும் எஞ்சினின் சூடு ஏறியது. கருகிய ரப்பர் வாடை வந்தது, முன்பு போல, இரண்டு உடைகளிலிருந்து. யாரோ அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தார்கள்.